கரைச் சக்கரத்துக்கு என்ன எண்ணெய்?

வேல்விழிக்குக் கை நடுங்குகிறது என்ற செய்தி விருத்தாசலம் பீங்கான் எஸ்டேட் முழுக்கப் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே எஸ்டேட்டில் பதினாறு வருஷமாக அவள் கை நடுங்காமல் இருந்தது. அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊர் வாய்க்கு எது ருசிக்கும் என்று சொல்லியா தெரிய வேண்டும்?

எஸ்டேட்டில் ஒரு கோப்பைக் கம்பெனியில் அவள் செய்துவந்தது கரை போடும் வேலை. டீ குடிக்கிற கோப்பையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நீலத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதே, அதற்குத்தான் அந்தக் கம்பெனியில் கரை என்று பெயர். வேட்டிக்கு இருக்கிற மாதிரி கோப்பைக்கும் கரை. மேசைமேல் தட்டு அகலத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம். அதன் நடுவில் கோப்பையை வைத்து இடது கையால் ஒரு சுண்டு சுண்டினால் சக்கரம் தானாகச் சுற்றும். வலது கையில் மை தொட்ட தூரிகையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கோடு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, எங்கே கிளம்பியது என்று தெரியாமல் கூடிவிட்டால் அது கரை. கூடாவிட்டால் கோப்பை குப்பைக்குப் போக வேண்டியதுதான். ஒரு தடவை சுட்ட கோப்பை தொட்ட மாத்திரத்தில் மையைக் குடித்துவிடும். அழித்துவிட்டுப் போடுகிற கதையே கிடையாது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மார்கழி பிறந்தபோது அவளுடைய கோடுகள் கூடாமல் போக ஆரம்பித்தன. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் முதல் கோப்பையிலேயே கோடு பாதி வழியில் தடித்துவிடும். சக்கரத்தை இன்னொரு சுண்டு சுண்டுவாள். தூரிகை துள்ளும். முடிவு ஆரம்பத்தைவிட நெல் அகலம் கீழே வந்து நிற்கும். ஆனால் பத்தரை, பதினொரு மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும். மத்தியானம் போடுகிற கரையெல்லாம் பழைய வேல்விழி போட்டது.

காலையில் மட்டும் வருகிற நடுக்கத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பனி என்றார்கள், வாய்வு என்றார்கள், சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். ஊசி போடும் டாக்டரிடம் போனாள். சர்க்கரை இல்லை என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அது கசந்ததுதான் மிச்சம். மினி லாரி ஓட்டும் அவள் புருஷன் தர்மராஜுக்கோ எல்லா வியாதியும் வயிற்றில்தான் ஆரம்பம்.

"வெறும் வயித்துல ஓடுனா கை நடுங்காம என்னா செய்யும்? ரெண்டு இட்லி கூடத் தின்னுட்டுப் போ" என்றான்.

நான்கு இட்லி கூடத் தின்று பார்த்தாள். ஏப்பம் வந்தது, கரை வரவில்லை.

மற்றவர்கள் முன்னால் சிரித்துப் பேசினாலும் அவளுக்கு உள்ளூரப் பயம்தான். அவளுடைய அப்பா கொத்தனார். ஐம்பது வயதில் தூக்குக்குண்டு பிடிக்க முடியாமல் கை ஆட ஆரம்பித்து, அப்புறம் சோற்றைக்கூடச் சிந்தாமல் தின்ன முடியாமல் போனவர். வேல்விழிக்கு நாற்பத்து மூன்று. அப்பாவின் கை தனக்கும் வந்துவிட்டதோ?

போதாத காலத்துக்கு அந்தச் சமயம் பார்த்துத்தான் புதுச்சேரி ஆர்டர் வந்திருந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டலுக்கு ஆயிரத்து இருநூறு கோப்பையும் சாசரும், அத்தனைக்கும் நீலக் கரை, பொங்கலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். நூற்றெண்பது கோப்பை கெட்ட பிறகு முதலாளி குருமூர்த்தி அவளைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள். 'டீ வந்துச்சா' என்று கேட்டால்கூடப் பக்கத்துக் கம்பெனியில் பதில் சொல்வார்கள். அன்றைக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். குரலும் மெதுவாக வந்தது. அதிலேயே வேல்விழிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஒன்ன குத்தம் சொல்லலம்மா. ஒடம்பு யார் கையில இருக்குது? பொங்கல் கழிச்சி நீ பேக்கிங் பக்கம் வந்துடு. வைக்கோல் சுத்துற வேலதான், சிரமமில்ல. நாளையிலருந்து இளமதி சக்கரத்துல ஒக்காந்து பாக்கட்டும்."

"சரிங்க சார்" என்றாள். வேறு என்ன சொல்வது? கழிப்பறைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இளமதி, கோப்பைக்குப் பளபளப்பு வர அதைப் பாலிஷ் மாவுக் கரைசலில் முக்கி எடுக்கிற பெண். இருபத்தைந்து வயது, வேல்விழியை யக்கா யக்கா என்று சுற்றி வருபவள். அன்று மத்தியானமே அவளை உட்கார வைத்துப் பார்த்தார்கள். பத்துக் கோப்பையில் ஏழு தேறியது. குருமூர்த்தியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. வேல்விழியும் பாராட்டினாள், மனசு எரிந்துகொண்டே.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இளமதி சக்கரத்தில் உட்கார்ந்தாள். வேல்விழி பக்கத்து மேசையில் கோப்பைகளைத் தூசி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் கோப்பை, கூடவில்லை. இரண்டாவதும் கூடவில்லை. ஐந்தாவது கோப்பையில் இளமதியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது.

"யக்கா, எனக்கும் நடுங்குதுக்கா! இந்த நாற்காலில ஒக்காந்தா தொத்திக்குமா?"

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: வேல்விழிக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகிற பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று அடுத்த நிமிஷமே தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அதற்கும் அடுத்த நிமிஷம்தான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இருபத்தைந்து வயதுக் கை எப்படி நடுங்கும்? அதுவும் எட்டு மணிக்கு நடுங்கி, பதினொன்றுக்கு எப்படி நிற்கும்?

"செத்த நவுரு" என்று இளமதியை எழுப்பிவிட்டு, கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, வெறும் சக்கரத்தை வழக்கமான அளவுக்கு ஒரு சுண்டு சுண்டினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஒன்பது சுற்றில் நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு, சன்னல் வெயில் மேசைமேல் விழுந்து இரும்பு வெதுவெதுப்பான பிறகு, அதே சுண்டு. முப்பத்தொன்று! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினாறு வருஷத்தில் சக்கரத்தின் சுற்றை எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கைதான் வேலை செய்கிறது என்று அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவளும் சேர்த்து.

சாப்பாட்டு நேரத்தில் சோற்றுத் தூக்கைத் திறக்காமலேயே பஸ் ஏறி, விருத்தாசலம் டவுனுக்குள் இருக்கும் பாலக்கரைக்குப் போனாள். அங்கே நூர் முகம்மது பேரிங் கடை வைத்திருந்தார். மங்கலம்பேட்டைக்காரர். சவூதியில் பம்ப் ரிப்பேர் பட்டறையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். டேபிள் ஃபேன் பேரிங்கில் இருந்து கரும்பு ஆலைப் பேரிங் வரைக்கும் அவரிடம் கிடைக்கும். கூடவே கொஞ்சம் கிண்டலும் கிடைக்கும்.

"பாய், எங்க சக்கரம் காலையில தேங்குது, மத்தியானம் ஓடுது. பேரிங் போயிடுச்சா?"

"பேரிங்கு போனா மத்தியானம் மட்டும் திரும்பி வருமாம்மா? அதென்ன, டூட்டிக்குப் போயிட்டா வருது? கடைசியா எப்ப எண்ண போட்டீங்க?"

"ஆயுத பூஜைக்கு. மண்ணெண்ணெ ஊத்திப் பழைய அழுக்கெல்லாம் சுத்தமாக் கழுவிட்டு நானே போட்டேன்."

"என்னா எண்ண?"

"நல்ல எண்ணெதான் பாய்."

"நல்லெண்ணையா!" நூர் முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டார். "மிஷினுக்கு என்ன, சனிக்கெழம தல முழுக்காட்டுறீங்களா?"

"ஐய, நல்லெண்ணெ இல்ல பாய். நல்ல எண்ணெ! சாமிக்கு வெச்சுப் படைக்கிற நாளு, கழிவு ஆயிலையா வூத்துறது? வூட்டுலருந்து சுத்தமான தேங்காயெண்ண கொண்டு போயி வூத்துனேன். பூஜ அன்னிக்கு என்னாமா ஓடுச்சு தெரியுமா? கார்த்திக முடியற வரைக்கும் ஒரு கொறையும் இல்ல."

நூர் முகம்மது சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது மீசையில் தெரிந்தது.

"சரிம்மா. இன்னிக்குக் காலையில தலைக்கு எண்ண வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"எப்படி வெச்சீங்க?"

"பாட்டில செவுத்துமேல வெயில்ல வெச்சி, உருகுன பொறவு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் காலையில் பாட்டிலுக்குள் வெண்ணெயாக உறைந்து கிடப்பதைப் பார்க்கிறாள். குலுக்குகிறாள், வெயிலில் வைக்கிறாள், மார்கழியைத் திட்டுகிறாள். அதே எண்ணெய் சக்கரத்துக்குள்ளும் உறையும் என்று ஒரு நாளாவது நினைத்தாளா? தன் தலைக்குத் தெரிந்தது தன் புத்திக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. கடைக்கு வந்திருந்த டிராக்டர்காரர் ஒருவரும் சேர்ந்து சிரித்தார்.

"அப்ப வெளக்கெண்ண போடட்டுமா? அது உறையாதே."

"உறையாது. ஆறு மாசத்துல பிசினாயிடும். அடுப்படி எண்ண எதையும் மிஷினுகிட்டக் காட்டாதீங்க. ஒண்ணு உறையும், ஒண்ணு ஒட்டும். இப்ப நான் கேக்குறதுக்குச் சொல்லுங்க. சக்கரம் என்னா கனம்? எவ்ளோ வேகம்? சூடு படுமா? தூசி உண்டா?"

இதற்கெல்லாம் வேல்விழி யோசிக்கவே இல்லை. தட்டு கனம்தான், கைச்சுண்டல் வேகத்துக்கு மேல் போகாது, சூளை அடுத்த கொட்டகையில் இருப்பதால் சூடு வராது. தூசி என்றால், மூக்குக்குள் போகிற களிமண் தூசி அங்கே எல்லா இடத்திலும் உண்டு. சக்கரம் நட்டமாக நிற்கிற தண்டில் சுற்றுகிறது, எண்ணெய் ஒழுகினால் நேரே கீழே போய்விடும் என்பதையும் அவளாகவே சொன்னாள்.

"பாதி வைத்தியம் நீங்களே பாத்துட்டீங்க" என்று நூர் முகம்மது மூன்று சின்னக் குப்பிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் கிரீஸ். ஒன்றில் தண்ணீர் மாதிரி இருந்த தையல் மிஷின் எண்ணெய். மூன்றாவதில் நூல் ஆலைகளில் நூல் சுற்றும் கதிர்த் தண்டுக்குப் போடும் எண்ணெய், இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம். "எது வேணும்னு நான் சொல்லிடுவேன். ஆனா சக்கரத்துல ஒக்காரப் போறது நீங்க. மூணையும் கொண்டு போயிப் பாருங்க. எதப் போட்டாலும் மண்ணெண்ணெயில கழுவி, பழசு ஒரு பொட்டு இல்லாமத் தொடச்சி, காய வெச்சிட்டுப் போடுங்க."

கம்பெனிக்குத் திரும்பும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சக்கரம் கெட்டது குளிரில்தானே? குளிரிலேயே வைத்துப் பார்த்துவிட்டால் போகிறது.

மறுநாள் விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போட வந்தபோது, கழித்துப்போட்ட சாசர்கள் நான்கைக் கொண்டுவந்து படிக்கட்டில் சாய்த்து வைத்தாள். ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் ஒரு பொட்டு வைத்தாள். மூன்று குப்பியில் இருந்து மூன்று. நான்காவதில் தேங்காயெண்ணெய், அடுப்பருகே இளக்கிக் கொண்டுவந்தது. பிறகு கோலத்தைப் போட்டாள். அன்றைக்குக் கொஞ்சம் பெரிய கோலமாகவே போட்டாள், நேரம் ஆக வேண்டுமே.

பல் குச்சியோடு வெளியே வந்த தர்மராஜ் சாசர்களைப் பார்த்துவிட்டு நின்றான்.

"என்னா இது, காக்காவுக்குப் படையலா?"

"கைக்கு வைத்தியம். மிதிச்சிடாதீங்க."

கோலம் முடிந்து பார்த்தபோது தேங்காயெண்ணெய் வைத்த இடத்திலேயே வெள்ளையாக உறைந்துபோயிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் வந்தது, ஆனந்தமும் வந்தது. கிரீஸும் அசையவில்லை. அதை விரலில் எடுத்துக் கோலமாவைக் கொஞ்சம் தூவித் தேய்த்துப் பார்த்தாள். பல் தேய்க்கிற பொடி மாதிரி நறநறவென்றது. களிமண் தூசியும் இதைத்தான் செய்யும். தையல் மிஷின் எண்ணெயோ எப்போதோ சாசரைவிட்டே ஓடிப்போய்ப் படிக்கட்டை நனைத்திருந்தது. நட்டுக்குத்தான தண்டில் அது இரண்டு நாள்கூடத் தங்காது என்று தீர்மானித்தாள். மூன்றாவது மட்டும் அவசரமில்லாமல் ஒரு விரற்கடை தூரம் வழிந்து, போன வழியெல்லாம் மெல்லிய பூச்சு விட்டிருந்தது. அந்தக் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இட்லி?" என்று தர்மராஜ் கூப்பிட்டான்.

"நீங்களே எடுத்துத் தின்னுங்க. போயிட்டு வரேன்!"

ஏழு மணிக்கெல்லாம் கம்பெனியில் இருந்தாள். இளமதியையும் வழியில் கிளப்பிக் கூட்டிப்போயிருந்தாள். இரண்டு பேருமாகச் சக்கரத்தைக் கழற்றினார்கள். தண்டிலும் பேரிங் குண்டுகளிலும் இளஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கொழுப்பு, தேங்காய் வாசனையோடு, களிமண்ணும் கலந்து அப்பியிருந்தது. மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, காய வைத்து, குண்டுகளுக்கு மூன்று சொட்டு, தண்டுக்கு ஒரு சொட்டு. அதற்கு மேல் வைக்க இளமதி குப்பியைச் சாய்த்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

சுண்டினாள். இளமதி உரக்க எண்ணினாள். குளிர் விடாத காலையில் சக்கரம் முப்பத்து நான்கு சுற்றுச் சுற்றி, சத்தமே இல்லாமல் நின்றது.

வேல்விழி கோப்பையை நடுவில் வைத்தாள். தூரிகையை மையில் தொட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவள் மூச்சை மறந்தேவிட்டாள். நீலக் கோடு கிளம்பிற்று, சுற்றிற்று, வந்து கூடிற்று. இன்னொன்று. இன்னொன்று. ஆறாவது கோப்பையை வைக்கும்போது கண்ணீர் மறைத்ததால் முந்தானையால் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எட்டே காலுக்குக் குருமூர்த்தி உள்ளே வந்தார். நாற்காலியில் வேல்விழி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அதே மெதுவான குரலில், "ஏம்மா, சொன்னேனே..." என்று ஆரம்பித்தார். இளமதி பலகையோடு கோப்பைகளை நீட்டினாள். ஒன்றை எடுத்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

"காலையில போட்டதா?"

"இப்பதான் சார். சக்கரத்துல எண்ண உறைஞ்சிப் போயிருந்துது. கழுவி வேற போட்டோம்" என்றாள் இளமதி.

"அப்ப கை?"

"கைக்கு ஒண்ணுமில்ல சார்" என்றாள் வேல்விழி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இளமதி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். குளிரின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் வேல்விழிக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குற்றம் எண்ணெயினுடையது என்பதும், எண்ணெய் தன்னுடையது என்பதும் அவளுக்கு அவ்வளவு நல்ல சேதிகளாக இருந்தன.

"எண்ணெய ஊத்துனது நான்தான் சார். ஆயுத பூஜைக்கு. தேங்காயெண்ணெ."

குருமூர்த்தி கையிலிருந்த கோப்பையைப் பலகையில் திருப்பி வைத்தார். பிறகு கூரைத் தகரம் அதிர்ந்தது.

"தேங்காயெண்ணெயா! நூத்தியெம்பது கோப்ப போச்சு, எல்லாம் தேங்காயெண்ணெயாலயா! தலைக்கு வெக்கிறத மிஷினுக்கு வெச்சியே, பூவும் வெச்சியா அதுக்கு?"

"வெச்சேன் சார். கனகாம்பரம்."

அந்தப் பக்கம் வார்ப்பு மேசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு இன்னும் கோபம் ஏறியது. "சிரிக்காதீங்க யாரும்! நான் இங்க என் பொண்ணு மாதிரி இவளுக்காக வருத்தப்பட்டுக்கிட்டு, பேக்கிங்ல நிழலான எடமாப் பாத்து வெச்சிக்கிட்டு..." பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். வேல்விழியின் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, அவள் அறிவு, ஆயுத பூஜை, தென்னை மரம் என்று ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நோயாளியிடம் பேசுகிற அந்த மெதுவான குரல் போயே போய்விட்டது; கேட்கக் கேட்க உடம்பில் தெம்பு ஏறியது. ஆர்டர் நினைவு வந்தது. அடுத்த கோப்பையை எடுத்துச் சக்கரத்தின் நடுவில் வைத்தாள். இடது கையால் சுண்டினாள்.

அவர் கத்திக்கொண்டே இருந்தார். அவள் தூரிகையை வைத்தாள். கோடு ஒரு சுற்றுப் போய்க் கூடியது. குருமூர்த்தி சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்திட்டீங்களே சார், சொல்லுங்க" என்றபடி அவள் அடுத்த கோப்பைக்குக் கை நீட்டினாள்.